சான்றிதழை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு,

அரியலூர் மாவட்டத்தின் இருளை ஒற்றை ஆளாக விரட்டியடித்தவனும், சூரியன் லீவு போடும் நாட்களில் பொறுப்பு ஒப்படைக்கப்படுபவனும், சாத்தனூர்க் கல்மரம் பச்சை மரமாக நின்ற காலத்திலேயே அதில் சீரியல் பல்பு கட்டியவனுமாகிய உன் சித்தப்பா, நீ என்னோடு பேசாமல் இருக்கும் பதினேழாம் நாளில் எழுதுவது. இத்தனை பட்டங்களையும் படித்துவிட்டு நீ உதட்டைச் சுழித்திருப்பாய். சுழித்துக்கொள். அதற்குப் பின்னால் ஒரு துளி சிரிப்பு இருந்தால் மீதிக் கடிதத்தையும் படிப்பாய் என்ற கணக்கில்தான் அவற்றைப் போட்டிருக்கிறேன்.

வரதராஜன்பேட்டையில் உன் அம்மா வீட்டுக்கு நானே வந்து சொல்லியிருக்கலாம். போன் செய்திருக்கலாம். ஆனால் எனக்கு என்னைத் தெரியும். மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வரும். அதன் காலை வாரிவிட்டு ஒரு கேலி முந்திக்கொண்டு வெளியே வரும். நீ சிரிப்பாய், உன் அம்மா டீ போடுவார்கள், நான் தப்பித்து பஸ் ஏறிவிடுவேன். இந்த முறை தப்பிக்கக்கூடாது என்பதற்காகக் காகிதத்தில் எழுதுகிறேன். அதோடு இதைப் போட்டோ எடுத்து நம் மின் ஒப்பந்ததாரர்களின் வாட்ஸப் குழுவிலும் போடப்போகிறேன். காலை வணக்கமும் ரோஜாப்பூவும் தவிர வேறெதையும் கண்டறியாத அந்தக் குழு இன்றைக்கு ஒரு பாவசங்கீர்த்தனத்தைப் பார்க்கட்டும். நாளைக்கு நான் பேச்சை மாற்றினால் மடக்குவதற்கு எண்பது சாட்சிகள் இருப்பார்கள்.

உன் அப்பா, என் அண்ணன், போனபோது நீ ஆறாம் வகுப்பு. எனக்கும் உன் சித்திக்கும் பிள்ளை இல்லை. அதனால் உன்னை நான் தத்தெடுத்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையில் நீதான் என்னைத் தத்தெடுத்தாய். அரியலூருக்குப் படிக்க வந்தவள், பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வருவாய். ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்விட்ச் பெட்டிகளை அளவுவாரியாக அடுக்கிவிட்டு, நான் வாடிக்கையாளரிடம் அளக்கும் பொய்களையும் மனதுக்குள் அடுக்கி வைப்பாய். ராத்திரி சாப்பிடும்போது ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பாய். "சித்தப்பா, அந்த ஃபேன் உங்க தாத்தா காலத்துலேந்து ஓடுதுன்னீங்களே, உங்க தாத்தா வூட்ல கரண்டே இல்லைன்னு அம்மா சொல்றாங்க." பதினோரு வயதில் என்னைக் குறுக்கு விசாரணை செய்த ஒரே ஜீவன் நீ. உன் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்து என்று கோடு போட்டிருந்த இடத்தில் ஏழு வருஷம் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதைப் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் உனக்காகக் கையெழுத்துப் போடும் பழக்கம் என் கைக்கு அங்கேதான் தொற்றியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாட்ஸப் குழுவில் கணவன் போனை வாங்கி இதைப் படிக்கப்போகும் மனைவிமார்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒருவன் ஒரு வீட்டுக்கு வயரிங் செய்து, அந்த வீட்டுக்குப் புது இணைப்பு வாங்கித் தரவேண்டும் என்றால் அவனிடம் ஒப்பந்ததாரர் லைசென்ஸ் இருக்கவேண்டும். லைசென்ஸ் கொடுக்கும் போர்டு மூன்றைக் கேட்கும். சான்றிதழ் பெற்ற சூப்பர்வைசர் ஒருவர், முழு நேரமும் அவனிடமே வேலை பார்க்கவேண்டும். அவர் பெயர் வேறு எந்த லைசென்ஸிலும் இருக்கக்கூடாது. சான்றிதழ் பெற்ற வயர்மேன் வேண்டும். சோதனைக் கருவிகள் வேண்டும். வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் நேரில் போய்ச் சோதித்துப் பார்த்து, டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடவேண்டும். இவ்வளவுதான் சட்டம். பத்துக் கட்டளையைவிடச் சின்னது. அதனால்தானோ என்னவோ, அதைவிடச் சுலபமாக மீறப்படுகிறது.

நாங்கள் வைத்திருந்த வழக்கம் வேறு. சான்றிதழ் ஓரிடத்தில் இருக்கும், அதற்குரிய ஆள் வேறிடத்தில் இருப்பார். உனக்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் என்னிடம் 'முழு நேர' சூப்பர்வைசராக இருந்த மனிதரை நான் நேரில் பார்த்தது இரண்டே தடவை. அதில் ஒன்று அவருடைய கல்யாணம். அன்றைக்கும் மாலைக்குள் முகம் சரியாகத் தெரியவில்லை. மனிதர் மஸ்கட்டில் இருந்தபடியே கீழப்பழுவூரில் வயர் சோதிப்பார். புனிதர்கள்தான் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் தோன்றுவார்கள் என்று கேள்வி. எங்கள் சூப்பர்வைசர் ஒரே நேரத்தில் ஆறு ஊரில் தோன்றியிருக்கிறார். கருவிகளின் கதை இன்னும் மோசம். வயரின் உறை கசிகிறதா என்று பார்க்கிற மெக்கர், நாலு கடைக்காரர்களுக்கு நடுவில் ஒன்றே ஒன்று இருந்தது. எந்தக் கடைக்கு ஆய்வு வருகிறதோ அந்தக் கடைக்கு அது மஞ்சப்பையில் பஸ் ஏறிப் போகும். அந்தக் கருவி போன தூரத்துக்கு அது நிலாவுக்கே போய் அங்கே எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டு வயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அது பார்த்தது.

அப்போதுதான் நீ டிப்ளமா முடித்தாய், வேலை அனுபவம் காட்டினாய், சூப்பர்வைசர் சான்றிதழ் வாங்கினாய். தபாலில் அது வந்த அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தைக் கடைத்தெருவே பார்த்தது. உன் சித்தி ரவா கேசரி கிண்டினாள். அண்ணி, உன் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன். எல்லாரும் அதைப் பாசம் என்று நினைத்தார்கள். பாசமும்தான். ஆனால் மனசின் ஒரு மூலையில் ஒரு கள்ளன் உட்கார்ந்து, 'மஸ்கட் தொல்லை விட்டது, இனிமேல் சூப்பர்வைசர் நம்ம வூட்லயே' என்று விரலை நொடித்துக்கொண்டிருந்தான். உனக்கு அது படித்து வாங்கிய பட்டம். எனக்கு அது கடைக்கு வந்த ஒரு உதிரி பாகம். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்குக்கூட.

நீ ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பார்க்கவேண்டும் என்று சொன்னாய். நான் "பாக்கலாம், பாக்கலாம்" என்றேன். பக்கத்து ஊர் வேலைகளுக்கு அழைத்துப் போனேன். தூரத்து ஊர் வேலைகளுக்கு, நீ கடையில் இல்லாத நேரம் பார்த்து, உன் பெயரை நானே எழுதினேன். உன் கையெழுத்தை உன்னைவிட அழகாகப் போடுவேன். அதுதான் காட்டிக் கொடுத்தது.

அந்த விக்கிரமங்கலத்துக்காரர் கடைக்கு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் சொல்கிறேன், உன்னிடம் நான் என்ன பார்த்தேன் என்று உனக்குத் தெரியவேண்டும். கையில் டெஸ்ட் ரிப்போர்ட்டின் நகலைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் சிவந்த முகத்தோடு வாசலில் நின்றார்.

"ஸ்டெல்லா மேரிங்கறது யாருங்க?"

நான் "என்ன விஷயம், உக்காருங்க, ஒரு கலர் குடிங்க" என்று ஆரம்பித்தேன்.

"கலர் வேணாங்க. புது வூட்ல ஃபிரிட்ஜத் தொட்டுச்சு என் சம்சாரம். தூக்கி அடிச்சிருச்சு. மணிக்கட்டு ஒடஞ்சு கட்டுப் போட்டுருக்கு. எர்த்து நல்லாருக்குன்னு இதுல ஒரு அம்மா கையெழுத்துப் போட்ருக்காங்க. அவங்கள நான் பாக்கணும்."

நீ ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தாய். காகிதத்தை வாங்கிப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். அந்த ஒரு பார்வைக்குப் பதிலாக நான் நானூற்று நாற்பது வோல்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஞாயிறு பூசை முழுவதும் நின்றிருப்பேன். நீ சொல்லியிருக்கலாம், இது நான் போட்டதில்லை என்று. அந்த நிமிஷமே என் லைசென்ஸும் மானமும் தெருவில் கிடந்திருக்கும். நீ அந்த மனிதரிடம் சொன்னது: "நான்தாங்க. வாங்க, போவோம்."

மூன்று பேரும் போனோம். வழி நெடுக நீ அந்த நகலைத்தான் படித்துக்கொண்டு வந்தாய். அந்த வீட்டில் எர்த் வயர் சுவருக்குள் போய், சுவருக்குள்ளேயே முடிந்திருந்தது. மண்ணைத் தொடவே இல்லை. குழி தோண்டவேண்டிய இடத்தில் முருங்கை நின்றதாம். மரத்தை வெட்டவேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நம் ஆள் விட்டுவிட்டு வந்திருக்கிறான். கசிந்தால் தானாக அணைக்கிற பிரேக்கரையும், சாமியார் வந்து புது வீட்டை மந்திரித்த அன்று சீரியல் லைட் போட்டால் அடிக்கடி அணைந்துவிடுகிறது என்று ஒதுக்கிவிட்டு வயரை நேராக இழுத்துவிட்டிருக்கிறான். நேரில் போய் நின்றிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அந்த அம்மா உள்ளேயிருந்து வந்தார்கள், வலது கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு.

"நீதான் பாத்துக் கையெழுத்துப் போட்ட பொண்ணா?"

"போட்ருக்கேங்க. பாக்கல. இப்பப் பாக்குறேன்."

அவ்வளவுதான் சொன்னாய். பிறகு முருங்கைக்கு நாலடி தள்ளி இடம் குறித்துக் கடப்பாரையை என் கையில் கொடுத்தாய். அறுபதைத் தாண்டிய மின்சார மாமன்னன் அன்றைக்குக் குழி தோண்டினான். நீ உப்பும் கரியும் வாங்கி வந்தாய், குழாயை இறக்கினாய், வயரை இழுத்துக் கட்டினாய், பிரேக்கரை மறுபடி சேர்த்தாய், கருவியை வைத்து மூன்று தடவை அளந்தாய். கிளம்பும்போது அந்த அம்மா இடது கையால் எனக்கு மோர் கொடுத்தார்கள். தாகத்துக்குக் கொடுத்த மோர் அவ்வளவு கசக்கும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் என்னிடம் கேட்டாய். "ஏன் சித்தப்பா என் பேர எழுதுனீங்க?" நான், எல்லோரும் செய்வதுதான், ஊர் வழக்கம், போர்டுக்கே தெரியும் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். நீ முழுதும் கேட்டுவிட்டு, "ஊர்ல எல்லாரும் செய்றாங்க, சரி. அந்த அம்மா மணிக்கட்டு ஒண்ணுதானே?" என்றாய். அரியலூர் வரும் வரை நான் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மூன்று மாதம் என்னை நீ இழுத்துக்கொண்டு அலைந்தாய். உன் பெயரை நான் எழுதிய ஒவ்வொரு வீட்டுக்கும். முந்திரிக்காட்டுக்குள் ஒற்றை வீடு, சிமெண்டுத் தூசி படிந்த ஓட்டு வீடு, கொள்ளிடக்கரை ஓரத்து மாடி வீடு. நீ முன்னால் கருவியோடு போவாய், நான் பின்னால் கடப்பாரையோடு வருவேன். ஜனங்கள் நினைத்தார்கள், அரசாங்கத்திலிருந்து ஏதோ பெரிய அதிகாரியும் அவர்களுடைய வயதான உதவியாளரும் வந்திருக்கிறார்கள் என்று. ஒரு வீட்டில் உனக்கு நாற்காலி போட்டுவிட்டு என்னிடம், "பெரியவரே, நீங்க அந்தக் கல்லு மேல குந்துங்க" என்றார்கள். குந்தினேன். ஏழு வீட்டில் குறை இருந்தது. ஏழையும் சரி செய்தோம். அதற்குப் பிறகு நீ பார்க்காத எந்த வேலைக்கும் உன் பெயர் போகவில்லை. கடைக்கு வேலை குறைந்தது. என் தூக்கம் கூடியது. உன் சித்தி மட்டும் என் குறட்டை கூடியதாகப் புகார் செய்கிறாள்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் உன் நிச்சயதார்த்தத்தில் நான் அப்படிச் செய்தேன். அதனால்தான் உனக்கு அவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும். முதல் தப்பைப் பழக்கத்தில் செய்தேன். இரண்டாவதைப் பாடம் படித்த பிறகு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, அறுபது பேர் முன்னால் செய்தேன்.

தட்டு மாற்றியாகிவிட்டது. காபி வந்துகொண்டிருந்தது. உன் மாமனாராகப் போகிறவர், பெரம்பலூரில் நம்மைப் போலவே லைசென்ஸ் வைத்துப் பன்னிரண்டு பேருக்கு வேலை கொடுக்கிற மனிதர், என் பக்கம் சாய்ந்து மெதுவாகத்தான் கேட்டார். "சம்பந்தி, எங்க சூப்பர்வைசரு குவைத்துக்குப் போய்ட்டாரு. ரினிவல் வருது. மருமவ சர்டிபிகேட்ட நம்ம லைசென்ஸ்ல ஏத்திக்கிட்டா ஒரு பெரிய பாரம் எறங்கும். அது வேலைக்கெல்லாம் வரவேணாங்க. வூட்லயே ராணி மாதிரி இருக்கட்டும். பேரு இருந்தாப் போதும்."

அவர் மெதுவாகக் கேட்டதை நான் மெதுவாகச் சமாளித்திருக்கலாம். ஆனால் நான் யார்? எழுந்து நின்றேன். கையை விரித்தேன். "அது என்ன கேள்வி சம்பந்தி! பொண்ணே ஒங்க வூட்டுதுன்னு ஆனப்பறம், சர்டிபிகேட்டு மட்டும் என்ன எங்க வூட்டுதா? சட்டத்தோட கழட்டித் தரேன், எடுத்துட்டுப் போங்க!" கை தட்டினார்கள். கை தட்டினால் நான் என்னையே எழுதிக் கொடுத்துவிடுவேன். அன்றைக்கு உன்னை எழுதிக் கொடுத்தேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முந்தின நாள் வரை நான் வேறொரு வசனத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: 'பெரம்பலூரு என்ன அமெரிக்காவா, ஸ்டெல்லா, நீ போனாலும் பேரு மட்டும் நம்ம கடையிலயே இருக்கட்டும்.' அவர் கேட்ட அதே 'பேரு மட்டும்'. அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகையால் அவரைத் திருடன் என்று நீ நினைத்தால், இன்னொரு திருடன் உனக்கு மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டவன் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

விருந்தாளிகள் போன பிறகு நீ பாத்திரங்களை எடுத்து வைத்தபடி கேட்டாய். சத்தம்கூடப் போடவில்லை. "பொண்ணு கேட்டாங்க, நீங்களும் அம்மாவும் எங்கிட்ட கேட்டுட்டுக் குடுத்தீங்க. சரி. சான்றிதழ யாரக் கேட்டுக் குடுத்தீங்க சித்தப்பா?" நான் ஒரு கேலி சொன்னேன். என்ன கேலி என்று இப்போது நினைவில்லை. நினைவில் வைக்கத் தகுந்ததாக இருந்திருக்காது. அதோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு போய்விட்டது. கோவிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று சாமியார் வாசிக்கிறார். உனக்காகவே வரதராஜன்பேட்டைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது ஓலை வாசித்தபோது எனக்கு உறைத்தது. எனக்கு ஒரு தடை தெரியும். பெண்ணை ஒரு வீட்டுக்கு மருமகளாக அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு, அவள் படிப்பை அவர்கள் லைசென்ஸ் மாட்டும் ஆணியாக அனுப்புகிறோம். அதைப் பங்குத்தந்தையிடம் சொல்ல முடியாது. அவர் பாவம், என்னைப் பார்த்தாலே கோவில் மைக்கைச் சரி செய்யத்தான் கூப்பிடுவார். சொல்லவேண்டிய இடம் பெரம்பலூர்.

நேற்றுக் காலை போனேன். உன் மாமனார் கடையில், ஒயர் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க வாங்க சம்பந்தி, சர்டிபிகேட்டக் கொண்டாந்தீங்களா?" என்றார். வாய் நிறையச் சிரிப்பு.

"இல்லீங்க. குடுத்தத திரும்ப வாங்கிக்க வந்தேன்."

சிரிப்பு போனது. "என்ன சொல்றீங்க? பொண்ணையா?"

"பொண்ண நான் குடுக்கலீங்க. அது மாப்பிள்ளையப் புடிச்சிருக்குன்னு தானா வருது. சர்டிபிகேட்டத்தான் நான் குடுத்தேன். அது என்னுது இல்ல."

மனிதர் தினசரியை மடித்து ஓரமாக வைத்தார். அப்புறம் பிடித்துக்கொண்டார். "சபையில எழுந்து நின்னு சொன்னீங்களே சம்பந்தி. அத நம்பி நான் வேற ஆளே தேடல. ஒரு பள்ளிக்கூடம் பாதி வேலையில நிக்குது. பன்னெண்டு குடும்பம். ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கு."

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். நான் விக்கிரமங்கலத்துக் கதையைச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, ஸ்டெல்லா. என் வாழ்க்கையில் நான் கூட்டாமல் சொன்ன ஒரே கதை அது. சொல்லி முடித்தபோது எனக்கே அது ரொம்பச் சின்னதாக, ரொம்ப அசிங்கமாகத் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவர் கடையிலும் பார்க்காத ரிப்போர்ட்டுகள் இருக்கின்றன என்று அந்தக் குனிவிலேயே தெரிந்தது.

"சரி, அந்தப் பொண்ணு வேலயப் பாக்க வருமா? வேப்பந்தட்டைப் பக்கமெல்லாம் எங்களுக்கு வேல நடக்குது. கல்யாணமான பொண்ணு, வண்டில அலையுமா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"வந்தாப் பாக்கும். பாத்தாத்தான் போடும். வேல சரியில்லன்னா ஒங்க முன்னாடியே போடமாட்டேன்னு சொல்லும். எங்கிட்ட சொல்லிருக்கு. அப்ப நீங்க மாமனாருன்னு பாக்காது."

"அப்பிடி ஒரு சூப்பர்வைசர எவன் வச்சுக்குவான்?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். மேசைக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு, "யோசிக்கணும். ஞாயித்துக்கெழமக்கி முன்னாடி நானே வந்து அதுகிட்ட பேசுறேன்" என்றார். மூன்றாவது ஓலைக்கு முன்னால். அவர் வந்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கே உலை வைப்பாரோ என்று ராத்திரி உன் சித்தி புலம்பினாள். வைக்கமாட்டார் என்று நினைக்கிறேன், சத்தியமாகத் தெரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எங்களைப் போல வழக்கத்தில் வளர்ந்தவர். அவர் வரும்போது உட்காரச் சொல், முழுதும் பேசவிடு, என்னிடம் பஸ்ஸில் கேட்டாயே, அது மாதிரி ஒரே ஒரு கேள்வி கேள். நீண்ட பிரசங்கத்துக்கு எங்களிடம் பதில் இருக்கும். சின்னக் கேள்விக்கு இருக்காது. கல்யாண வாழ்க்கைக்கும் நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். மற்றதை உன் சித்தியிடம் கேள், முப்பது வருஷமாக என்னைச் சமாளித்தவளுக்கு எந்த விஷயத்திலும் அனுபவச் சான்றிதழ் கொடுக்கலாம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை உள்ளே கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவே இல்லை. இவனும் சரியான ஊமைக்கோட்டானாக இருக்கிறானே என்று மனதுக்குள் திட்டினேன். கிளம்பும்போது, "பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன் மாமா" என்று வண்டியை எடுத்தார். வண்டியை நிறுத்திவிட்டுச் செருப்பைப் பார்த்தபடி கேட்டார்:

"அவங்க எங்கப்பா லைசென்ஸ்லயும் வேணாம், ஒங்க லைசென்ஸ்லயும் வேணாம்னு தனியா சொந்தமா எடுக்கணும்னா, என்னென்ன வேணும் மாமா?"

மனதுக்குள் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். விரல் விட்டுச் சொன்னேன். விண்ணப்பம், கடை முகவரிக்குச் சான்று, கருவிகள், அவை சரியாக அளக்கின்றன என்பதற்குச் சோதனைச் சீட்டு, சூப்பர்வைசர் சான்றிதழ். அது உன்னிடமே இருக்கிறது. முதலாளியே சூப்பர்வைசராக இருக்கலாம் என்றுதான் எனக்குத் தெரிந்த விதி, எதற்கும் போர்டில் ஒரு தடவை நீயே கேட்டுக்கொள், என் பேச்சை நம்பாதே. மாப்பிள்ளை ஒவ்வொன்றாகப் போனில் குறித்துக்கொண்டார். 'கருவிகள்' என்றதும், "எல்லாமே சொந்தமா இருக்கணும்ல?" என்றார். எங்கள் மஞ்சப்பைப் புகழ் பெரம்பலூர் வரை பரவியிருக்கிறது. "முன் ரூமு காலியாத்தான் கெடக்கு. அட்ரஸுக்கு அது போதுமா மாமா?" என்று கேட்டார். அவரிடம் நீயே பேசு. உன்னிடம் கேட்காமல் உனக்காக எதையும் முடிவு செய்யும் வியாதி இரண்டு வீட்டிலும் இருக்கிறது. அவருக்கு அது தொற்றாமல் பார்த்துக்கொள்.

இன்று காலை போர்டுக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். உன்னை என் லைசென்ஸிலிருந்து விடுவிக்கும் கடிதம். விடுவிப்புக் கடிதத்தின் உன்னுடைய நகலும், கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றிய உன் சான்றிதழும் இந்த உறைக்குள் இருக்கின்றன. மாற்று சூப்பர்வைசர் பெயர் எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். மாற்று ஆள் காட்டாவிட்டால் லைசென்ஸ் நிற்காது, தெரியும். கையில் இருந்த இரண்டு வேலையையும், நேரில் போய்ப் பார்க்கிற ஒரு கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்கத்தான் நாலு நாள் ஆனது. கடைப் பலகையில் 'அரசு உரிமம் பெற்ற' என்ற வரியின் மேல் பெயிண்ட் அடித்தேன். ஸ்விட்சும் பல்பும் விற்க யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. சித்தி பயப்படுகிறாள். நானும் கொஞ்சம் பயப்படுகிறேன். அதைக் கேலியாக்க முயன்றேன், வரவில்லை.

உன் சான்றிதழ் இப்போது யாருடைய லைசென்ஸிலும் இல்லை. மாமனாரிடம் கொடுப்பதும், சொந்தமாக எடுப்பதும், பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதும் உன் இஷ்டம். என்னை மன்னிப்பதும் உன் இஷ்டம். அதற்குக் காலக்கெடு கிடையாது, அபராதமும் கிடையாது.

ஒருவேளை நீ சொந்தமாக எடுத்தால், பட்டியலில் ஒன்று குறையும். மாப்பிள்ளை அதையும் குறித்துக்கொண்டு, "சர்டிபிகேட்டு உள்ள வயர்மேன் ஒருத்தர் வேணுமே, யாரு கெடைப்பா?" என்று கேட்டார். நான் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன். உன்னிடம் சொல்கிறேன். ஒருவர் இருக்கிறார். வயது அறுபத்தொன்று. முழங்கால் சுமார், வாய் அதிகம், குழி நன்றாகத் தோண்டுவார். சான்றிதழ் அவருடையதுதான், ஆளும் அதோடு சேர்ந்தே வருவார். காலை முதல் பஸ்ஸில் பெரம்பலூர் வந்துவிடுவார். அவரிடம் வேலை வாங்கு. சரியில்லை என்றால் பிரித்துத் திரும்பச் செய்யச் சொல். காகிதத்தை மட்டும் அவர் பக்கம் நகர்த்தாதே; அதில் நீ போய்ப் பார்த்துவிட்டு, உன் கையால், உன் கோணல் எழுத்தில் போடு.

உன் சித்தப்பா